கரி அடுப்பை இங்கேயே விட்டுச் செல்லுங்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். எங்கள் மகள் கனடாவில் வினிபெக் நகரத்தில் குடியிருக்கிறாள். ஜனவரியில் அவளுக்குப் பிரசவம். பிரசவம் பார்க்க டிசம்பர் முதல் வாரம் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்புகிறோம். அவருக்கு வயது 68. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் பனிப்புயல் வந்து ஓர் இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல், வீட்டைச் சூடாக்கும் இயந்திரமும் நின்றுபோய், மகளும் மாப்பிள்ளையும் நடுங்கிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தார்களாம். கார் ஷெட்டுக்குள்ளேயே காரை ஓடவிட்டு மாப்பிள்ளை செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினாராம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடியும் அப்படி ஆனால் என்ன செய்வது? ஒரு சின்னக் கும்மட்டி அடுப்பும் கொட்டாங்கச்சிக் கரியும் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடவும் உதவுமே. சில நாள் மைனஸ் 40 வரை போகும் என்கிறாள் மகள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் கும்மட்டி அடுப்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதைப் பெட்டியில் வைக்காதீர்கள். கரியையும் தூபக்காலையும் அதோடு சேர்த்து இங்கேயே விட்டுச் செல்லுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டவை இந்த அடுப்பும், மூடிய ஷெட்டுக்குள் ஓடிய அந்தக் காரும்தான். மைனஸ் 40 எனக்கு அவ்வளவு பயம் தரவில்லை.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. கண் எரியாது, இருமல் வராது. புகையெல்லாம் அடங்கிக் கங்கு கனகனவென்று சிவந்த பிறகுதான், இனிப் பயமில்லை என்று நாம் அடுப்பை அறைக்குள் எடுத்து வைப்போம். அந்தப் புகையில்லாத கங்கிலிருந்துதான் இந்த வாயு தாராளமாக வருகிறது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். வெளியே தெரிவது லேசான தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி, அவ்வளவுதான். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க வாங்கிய விரல் கருவி இருக்கிறதே, அதை நம்பியும் பயனில்லை. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே கணக்கிட்டு 98 என்று காட்டும்.

காலம் காலமாகக் கணப்புச் சட்டியும் சாம்பிராணியும் புழங்குகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். நம் வீடு கடற்காற்று புகுந்து புறப்படக் கட்டிய வீடு. ஓட்டு இடுக்கு, வென்டிலேட்டர், சரியாகச் சேராத ஜன்னல் என்று காற்றுக்கு ஆயிரம் வழி. வினிபெக்கில் ஜனவரி மாதத்துச் சராசரி வெப்பநிலையே மைனஸ் 16 டிகிரிக்கு அருகில் இருக்கும். இரவில் மைனஸ் 30 அங்கே அதிசயம் இல்லை. ஆகவே சுவருக்குள் வெப்பக்காப்புப் பொருளை அடைத்து, ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி போட்டு, காற்று நுழையும் இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துக் கட்டுகிறார்கள். குளிர் உள்ளே வராத அந்த வீட்டிலிருந்து வாயு வெளியே போகவும் வழியில்லை. உங்கள் மகள் வயிற்றில் குழந்தையோடு இருக்கிறாள் என்பதையும் மறக்காதீர்கள். கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் இந்த வாயுவைத் தாயினுடையதைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளியேறவும் அதிக நேரம் ஆகும்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் குளிர் வீசி, லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் நின்றது. இறந்தவர்கள் 246 பேர் என்று அந்த மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. பெரும்பாலானவர்களைக் குளிர்தான் கொன்றது. ஆனால் அதில் 19 பேர் கார்பன் மோனாக்சைடாலும் 10 பேர் தீயாலும் இறந்தார்கள். குளிருக்குப் பயந்து நெருப்பை வீட்டுக்குள் கொண்டுவந்ததன் விலை இது. அடுப்பு, பார்பெக்யூ, ஜெனரேட்டர், ஓடும் கார், எதுவாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: வீட்டுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ கூடாது. சூட்டுக்காகச் சமையல் கேஸ் அடுப்பை ஏற்றிவைத்து உட்காருவதும் கூடாது.

மாப்பிள்ளையிடம் நீங்களே இதைச் சொல்லுங்கள், மாமியார் சொல்கிறாரே என்று தயங்க வேண்டாம். ஷெட்டின் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே காரை ஓடவிடக் கூடாது. ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் கதவு வழியாக வாயு படுக்கையறை வரை வந்துவிடும். வெளியே நிற்கும் காரில் உட்கார்ந்து சூடு போட்டுக்கொள்வதாக இருந்தால், புகைபோக்கிக் குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு என்றே கத்தும் அலாரம் கடைகளில் கிடைக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா, மின்சாரம் போனாலும் வேலை செய்ய பேட்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே மகளிடம் போனில் கேளுங்கள். இல்லையென்றால், குழந்தைக்குத் தொட்டில் வாங்குவதற்கு முன் அதை வாங்கச் சொல்லுங்கள்.

சரி, மின்சாரம் போனால் என்னதான் செய்வது?

அங்கே பெரும்பாலான வீடுகளை நிலவறையில் இருக்கும் எரிவாயு உலை சூடாக்குகிறது. சூடான காற்றைக் குழாய் வழியே அறைகளுக்குத் தள்ள மின்விசிறி வேண்டும். அதனால் கேஸ் வந்துகொண்டிருந்தாலும் மின்சாரம் இல்லையென்றால் உலை நின்றுவிடும். மற்ற நாட்களில் வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கும். அது நம் மார்கழி விடியற்காலை அளவுதான், ஒரு ஸ்வெட்டரும் காலுறையும் போதும். முதியவர்களும் கைக்குழந்தையும் இருக்கிற வீடு 18 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. உலகச் சுகாதார நிறுவனமும் குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

கடலூர்க்காரர்களுக்கு மின்சாரம் இல்லாத நாட்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனை கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன! டார்ச், பேட்டரி, குடிநீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, முழுச் சார்ஜில் பவர் பேங்க் என்று நீங்கள் எடுத்து வைப்பதெல்லாம் அங்கும் அப்படியே செல்லும். ஒன்று மட்டும் தலைகீழ். இங்கே புயல் ஓய்ந்ததும் கதவு ஜன்னலையெல்லாம் திறப்போம், வீடு முழுவதும் பரவிப் படுப்போம். அங்கே வீட்டைச் சுருக்க வேண்டும்.

இருப்பதிலேயே சிறிய அறையைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சுவர் குறைவாக உள்ள அறை நல்லது. எல்லோரும் அதற்குள் வந்துவிட வேண்டும். மற்ற அறைகளின் கதவுகளைச் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுங்கள். பகலில் தெற்கு வெயில் விழும் ஜன்னலில் மட்டும் போர்வையை விலக்கி வைக்கலாம், பொழுது சாய்ந்ததும் மறுபடி மூடிவிடுங்கள். தரையில் உட்காராதீர்கள், மெத்தையை விரித்து அதன்மேல் இருங்கள். நாற்காலிகளை நிறுத்தி, மேலே கம்பளியைப் போட்டு, கொசுவலை கட்டுவதுபோல் ஒரு சிறு கூடாரம் செய்துகொண்டால் பெரியவர்களின் உடம்புச் சூடே அதற்குள் தங்கும். மூச்சு முட்டாமல் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். வீட்டுக்குள்தானே என்று தொப்பியைக் கழற்ற வேண்டாம். அவ்வப்போது எதையாவது சாப்பிடுங்கள். குளிரில் உடம்பு தன் சூட்டுக்குச் செலவழிப்பது நாம் சாப்பிடும் சோற்றைத்தான். மின்சாரம் இருக்கும்போதே பிளாஸ்க்குகளில் வெந்நீரை நிரப்பி வைக்கும் பழக்கம் இருந்தால், அந்த இரவில் சூடாக ஒரு டம்ளர் கஞ்சிக்கு வழி இருக்கும். மெழுகுவத்தி வேண்டாம், போர்வைகளுக்கு நடுவே அது ஆபத்து. பிராந்தி ஒரு வாய் குடித்தால் குளிர் தெரியாது என்று யாராவது உங்கள் வீட்டு ஐயாவிடம் சொன்னால், குளிர் தெரியாமல் போவதுதான் அதிலுள்ள கேடு என்று சொல்லுங்கள். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே கொட்டிவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது. பச்சை உடம்புக்காரியும் பிறந்த குழந்தையும் இதய நோயாளியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் விடியட்டும் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. மின்சாரம் போன சில மணி நேரத்துக்குள், சாலை நன்றாக இருக்கும்போதே, மின்சாரம் உள்ள நண்பர் வீட்டுக்கோ நகராட்சி திறந்துவைக்கும் வெப்பக் கூடத்துக்கோ போய்விட வேண்டும். யார் வீடு, எந்த வழி என்பதை டிசம்பரிலேயே பேசிவைக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் தண்ணீர்க் குழாயின் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து நீரை வடித்துவிடட்டும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடிக்கும். வீட்டிலேயே தங்குவதென்றால் குழாயை நூல்போல ஒழுகவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

ஒருவருக்குக் குளிர் உள்ளே இறங்கிவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்துக் கட்டம். நடுக்கம் இருக்கும் வரை உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நடுக்கம் நின்ற பிறகும் ஆள் சில்லென்று இருந்தால் அது தேறியதன் அடையாளம் இல்லை. முதியவர்களுக்குச் சில நேரம் நடுக்கமே வராது. பேச்சு குழறும், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விரல் தடுமாறும், நடை தள்ளாடும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். ஐயாவுக்குச் சர்க்கரை குறைந்தாலும் இதே தோற்றம்தான் வரும் என்பதால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். ஆனால் கருவி சில்லிட்டுப் போயிருந்தால் எண் தவறலாம் அல்லது காட்டாமலே போகலாம், அதையும் போர்வைக்குள் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் அங்குள்ள அவசர உதவி எண்ணான 911-க்கு அழைத்துவிட்டு, ஈரத் துணியை மாற்றி, மார்பையும் கழுத்தையும் வயிற்றையும் முதலில் போர்த்துங்கள். நம் வழக்கப்படி உள்ளங்கை உள்ளங்காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் சூடாகக் குடிக்கக் கொடுக்கலாம்.

ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். ஸ்டென்ட் வைத்தவர் அந்த நேரத்தில் மண்வெட்டியை எடுத்து வாசலில் பனியை வாரக் கூடாது. மாப்பிள்ளை தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஈரப்பனி பார்வைக்குப் பஞ்சுபோல இருந்தாலும் கனம் கனம்தான். பனி வாரும்போது மாரடைப்பு வருவது அந்த நாடுகளில் மருத்துவர்கள் குளிர்காலந்தோறும் பார்ப்பது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்து பழகியவராக இருந்தால், அங்கே கடைத்தொகுதிகளுக்குள் நடக்கட்டும். வெளியே போகத்தான் வேண்டும் என்றால் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொள்ளட்டும். நெஞ்சு இறுகினால் அதே இடத்தில் நின்றுவிட வேண்டும், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உள்சட்டைப் பையில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுபோய் வாரத்தில் சில நாள் குறித்து வையுங்கள். எண் ஏறுகிறது என்று மாத்திரையைத் தாமாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்தது பாதம். பாரீசில் மகன் வீட்டில் தங்கிவிட்டுப் புதுச்சேரி திரும்பிய ஒரு பெரியவர் காலில் புண் என்று என்னிடம் வந்தார். குதிகாலில் வட்டமாக ஒரு கொப்புளம். வெந்நீர்ப் பையின் மூடி எந்த அளவோ அந்த அளவில், அதன் வரிகள்கூடத் தெரியும்படி பதிந்திருந்தது. இரவெல்லாம் பையின்மேல் காலை வைத்துத் தூங்கியிருக்கிறார். பல ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருந்ததால் சுட்டது தெரியவில்லை. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஆகவே ஐயாவின் காலருகே வெந்நீர்ப் பை, மின் மெத்தை, ஹீட்டர் எதுவும் வேண்டாம். படுக்கையைச் சூடுபடுத்திவிட்டு, படுக்கும் முன் பையை எடுத்துவிடுங்கள். கம்பளிக் காலுறை போதும், அதுவும் விரல் இறுகாத அளவில். இரவு அவர் பாதத்தை நீங்கள் ஒருமுறை விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். வெளியே போய் வந்தபின் விரல் நுனி வெளுத்து, மரத்து, மெழுகுபோல இருந்தால் தேய்க்காதீர்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில், ஏறக்குறைய 38 டிகிரியில், வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர் காலால் பார்க்க வேண்டாம்.

குழந்தைக்கு வருகிறேன். சாம்பிராணிக்கு ஆசைப்படாதீர்கள் அம்மா. அடைத்த வீட்டில் அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது, கங்கின் ஆபத்தை மேலே சொல்லிவிட்டேன், புகை அலாரமும் கத்தும். தலை காய மெல்லிய துண்டும் சூடான அறையும் போதும். எண்ணெய் தேய்ப்பதாக இருந்தால் தோலில் தேயுங்கள், மூக்கிலும் காதிலும் விட வேண்டாம். காலில் போட்டுக் குளிப்பாட்டுவது உங்களுக்குக் கைவந்ததாக இருக்கலாம். அங்கே துணிகளையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தினமும் குளிப்பாட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

பாட்டிமார்கள் குளிருக்குப் பயந்து குழந்தையை அளவுக்கு மீறிப் போர்த்துவதும் ஆபத்தானது. தூங்கும் குழந்தையின் தொட்டிலில் தளர்வான கம்பளி, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் கூடாது. முகத்தை மூடிவிடும். மட்டுமீறிய சூடும் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. போர்வைக்குப் பதிலாகக் குழந்தைக்கு உடைபோல மாட்டிவிட அங்கே விற்கும் உறங்கு பையில் நுழைத்து மல்லாத்திப் படுக்க வையுங்கள். குழந்தைக்குச் சூடு சரியாக இருக்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். காரில் போகும்போது பருமனான குளிர்கோட்டுக்கு மேல் சீட் பட்டையை மாட்டினால் பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் பட்டையை இறுக்கிவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்துங்கள்.

மின்சாரம் போன இரவில் குழந்தைக்குத் தாயின் மார்பைவிட நல்ல கணப்பு கிடையாது. 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகர மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளுக்கு இன்குபேட்டர் போதாமல் போனபோது தாயின் வெற்று மார்பில் குழந்தையைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் மகள் சாய்ந்து உட்கார்ந்து, தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்ட குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிடுங்கள், குழந்தையின் முகம் வெளியே தெரிய வேண்டும். மகள் கண்ணயர்ந்தால் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முறை வைத்துப் பெரியவர்களில் ஒருவர் விழித்திருங்கள். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து, தோல் சிவந்து சில்லிட்டிருந்தால் அந்தச் சிவப்பை ஆரோக்கியம் என்று எண்ணிவிடாமல் உடனே உதவிக்கு அழையுங்கள்.

நீங்கள் எதிர்பாராத தொல்லை ஒன்று உண்டு, வறட்சி. கடற்கரைக்காரர்களான நமக்குக் காற்றில் ஈரம் இருப்பதே தெரியாது. அங்கே உறைந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு, அதைச் சூடாக்கி வீட்டுக்குள் விட்டால் தோல் வெடிக்கும், உதடு பிளக்கும், மூக்கில் ரத்தம் கசியும். ஸ்டென்டுக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ரத்தம் சட்டென்று நிற்காது. மூக்கின் மென்பகுதியை அழுத்திப் பிடித்து, தலையை முன்னால் சாய்த்துப் பத்து நிமிடம் இருக்கட்டும். குளித்ததும் ஈரம் முழுவதும் காயும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவுங்கள், உள்ளங்காலில் தடவி வழுக்கி விழாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மகளுக்கே தெரியும். இங்கிருந்து பருத்தி பனியன்களை மூட்டை கட்டாதீர்கள். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். உடம்பை ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாங்குங்கள், நம் ஊரில் கிடைப்பது அந்தக் குளிருக்குப் போதாது. புடவையோடு வெளியே இறங்க வேண்டாம். பனிக்கட்டித் தரையில் பாதத்தைத் தட்டையாக ஊன்றி, குட்டைக் குட்டை அடியாக நடங்கள். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன நீங்கள் படுத்துவிடுவீர்கள்.

கிளம்பும் முன் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. நவம்பர் முதல் பாதியிலேயே இருவரும் ஃப்ளூ தடுப்பூசியும், பிறந்த குழந்தையைத் தூக்கப்போகிறவர்கள் என்பதால் கக்குவான் தடுப்பும் சேர்ந்த ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். பலன் வர இரண்டு வாரம் ஆகும். ஐயாவை அவருடைய இதய மருத்துவரிடம் காட்டி, மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்துப் பெயரோடு சீட்டு எழுதி வாங்குங்கள். நம் கம்பெனிப் பெயர்கள் அங்குள்ள மருந்துக் கடையில் புரியாது. இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். விமான நிலையத்திலிருந்து காருக்குப் போகும் அந்தச் சில நிமிடங்களுக்கும் அது கோட்டுக்குள், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள்.